மேசைக்கு அடியில் ஒரு கை

சாப்பாட்டுக்குப் பிறகு மேடையேறச் சொன்னால் எப்பேர்ப்பட்ட பேச்சாளனும் கொஞ்சம் தயங்குவான். சின்னவருக்கு வாய்த்தது அந்த நேரம்தான். அதுவும் சொந்த ஊரில் இல்லை. கடல் கடந்து போய், வெளிநாட்டு வணிகர் சங்கம் ஒன்றின் பெரிய கூடத்தில். வட்ட மேசைகளைச் சுற்றி முதலாளிகளும் வங்கிக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையிலேயே ஒரு பெரிய மனிதர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு நிதானமாகக் கொட்டாவி விட்டார்.

சின்னவர் எதிர்க்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். தொழில், வணிகம் என்று எந்தப் பேச்சு வந்தாலும் கட்சியில் அவரைத்தான் முன்னால் தள்ளுவார்கள். "நம்ம நாட்டுல ஒருத்தன் தொழில் தொடங்கப் படற பாட்டை அங்க போய்ச் சொல்லுங்க. நாம வந்தா எல்லாம் மாறும்னு அவங்களுக்கு இப்பவே தெரியட்டும்" என்று சொல்லித்தான் தலைவர் அனுப்பியிருந்தார். கட்சி அலுவலகத்தில் தயாரித்த புள்ளிவிவரங்கள் கையில் இருந்தன. அவற்றை அந்த நாட்டு மொழியில் தப்பில்லாமல் படித்தார். படிக்கப் படிக்கக் கூடம் கண்ணயர்ந்துகொண்டே போனது.

மேடையில் தோற்று அவருக்குப் பழக்கமில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் செருகினார். "இதெல்லாம் கிடக்கட்டும். ஒரு உரிமம் வாங்க நீங்கள் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறார்" என்றார். சொன்ன வேகத்தில் தன் அண்ணனாக மாறிவிட்டார்.

தோள் இரண்டும் காதுவரை ஏறின. கழுத்து உள்ளே போனது. இல்லாத கோப்பு ஒன்றை வாங்கி, இல்லாத மேசையில் வைத்து, ஓரங்களைத் தட்டித் தட்டி நேராக்கினார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடினார். பையில் தேடினார், இழுப்பறையில் தேடினார், கோப்பைத் தூக்கி அடியில் தேடினார். கண்ணாடியோ நெற்றிக்கு மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஒருவழியாக அகப்பட்டதும் சட்டை நுனியால் துடைத்தார், ஊதினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடியும் துடைத்தார். வறட்டு இருமல் ஒன்று இருமினார். பேனாவைத் திறந்தார். என்னவோ நினைத்துக்கொண்டு மூடினார். கோப்பையும் மூடிவிட்டு, "நாளைக்குப் பார்ப்போம்" என்றார், நம் மொழியிலேயே.

கூடம் விழித்துக்கொண்டது. அர்த்தத்தைச் சொன்னதும் சிரிப்பு பின்வரிசைவரை ஓடியது. "எங்கள் நாட்டில் தொழில் செய்ய இந்த இரண்டு வார்த்தை தெரிந்தால் போதும். எங்கே, சொல்லுங்கள் பார்க்கலாம்" என்றார் சின்னவர். முதலில் நாலைந்து பேர் நாக்கு சுளுக்கிக்கொண்டு சொன்னார்கள். அவர் திருத்திக் கொடுத்தார். கடைசியில் கூடமே ஒரே குரலில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோல, "நாளைக்குப் பார்ப்போம்" என்றது.

கைதட்டலில் ஊறியவர்களுக்குத்தான் அந்தக் கிறக்கம் தெரியும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உள்ளே ஏதோ பிடித்து இழுக்கும். சின்னவரின் இடது கை, அவரைக் கேட்காமலே, இல்லாத அந்த மேசைக்குக் கீழே போனது. பக்கவாட்டில் மெல்ல வெளியே வந்து, உள்ளங்கை மேலே பார்க்க விரிந்து நின்றது. முகம் மட்டும் ஒன்றும் அறியாததுபோல வேறெங்கோ பார்த்தது. கூடம் குலுங்கிவிட்டது. கொட்டாவி விட்ட பெரிய மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரின் முதுகைத் தட்டினார்.

அந்தக் கை மட்டும் புதுச் சரக்கு. மற்றதெல்லாம் வீட்டில் பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த ஆட்டம்.

ஆரம்பித்தது எப்படி என்றால், அரசியலுக்கு வருவதற்கு முன்னால் சின்னவர் அட்டைப்பெட்டி செய்யும் சின்னத் தொழிற்கூடம் ஒன்று போட முயன்றார். உரிமம் கேட்டுப் போட்ட மனு அண்ணனின் ஜன்னலுக்குத்தான் போனது. அண்ணன் உரிம அலுவலகத்தில் குமாஸ்தா. அவருடைய சம்பளத்தில்தான் சின்னவர் படித்ததே. தம்பியுடையது என்பதற்காக அண்ணன் அந்த மனுவை ஒரு படிகூட மேலே தூக்கி வைக்கவில்லை. "வரிசையில வரட்டும்டா" என்றுவிட்டார். வரிசையில் வந்து சேர்வதற்குள் வாடகைக்குப் பிடித்த கொட்டகை கைமாறிப் போய்விட்டது. அந்தக் கடுப்பில் ஒருநாள் வீட்டில் எல்லோர் முன்னாலும் சின்னவர் அண்ணனைப்போல நடித்துக் காட்டினார். முதலில் சிரித்தது அண்ணன்தான். புரைக்கேறும் அளவுக்குச் சிரித்தார். அதிலிருந்து வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், "சித்தப்பா, அப்பா மாதிரி பண்ணுங்க" என்று பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். கண்ணாடியைத் தேடும் இடம் வந்ததும் எல்லோருமாக "தலையில! தலையில!" என்று கத்துவார்கள். அண்ணி அடுப்படியிலிருந்தே கத்துவாள்.

பின்னால் தேர்தலில் நின்றபோதும் ஊர் அவரைக் குமாஸ்தாவின் சின்னவர் என்றுதான் சொன்னது. போகப் போகக் குமாஸ்தா உதிர்ந்து சின்னவர் மட்டும் நிலைத்தது.

அன்று மாலை விருந்தில் முன்பின் தெரியாதவர்களெல்லாம் கோப்பையை உயர்த்தி, சிதைந்த உச்சரிப்பில் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். சின்னவரும் உயர்த்தினார். நிம்மதியாகத் தூங்கினார். காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது மனைவி அழைத்தாள்.

"வீடியோ வந்துச்சு. பார்த்தேன்."

"எப்படி?"





"அது உங்க அண்ணன்தானே?"

"யாருன்னு நான் சொல்லவே இல்லையே."

"நீங்க சொல்லணுமா? அந்த ஆபீஸ் வாசப்படி ஏறின யாருக்கும் தெரியாதா? இருமல்கூட அச்சு அசல் அவர்தான்."

"நம்ம வீட்டுல பண்றதுதானே. அண்ணனே சிரிப்பாரு."

"சரி. அந்தக் கையை எந்த வீட்டுல பண்ணீங்க?"

வாயில் நுரையோடு சின்னவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நுரையைத் துப்பினார். அவள், "சரி, வந்து சேருங்க" என்று வைத்துவிட்டாள்.

ஊர் திரும்பியபோது விமான நிலையத்தில் கடவுச்சீட்டு பார்க்கும் ஜன்னலில் ஒரு பெண் இருந்தாள். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். முகத்தைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். சடக்கென்று முத்திரை குத்தி நீட்டினாள். "இன்னைக்கே முடிச்சுட்டேன் சார்" என்றாள். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. சின்னவர் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்து நகர்ந்தார். வெளியே கட்சிக்காரர்கள் கோஷம் போட்டு அவரைத் தோளில் தூக்காத குறைதான். அந்தச் சத்தத்திலும் அந்தப் பெண்ணின் குரல்தான் காதில் நின்றது.

ஆளுங்கட்சி சும்மா இருக்குமா? வெளிநாட்டில் போய்ச் சொந்த நாட்டைச் சந்தி சிரிக்க வைத்தவன் என்று சுவரெல்லாம் ஒட்டியது. தலைவருக்கோ தலைகால் புரியவில்லை. "இத்தனை வருஷம் நாம கத்தினது எவன் காதுலயும் ஏறல. நீங்க ஒரு இருமல் இருமினீங்க, ஊரே பேசுது" என்று முதுகில் தட்டினார். ஊர் பேசியது உண்மைதான். வரி கட்டும் இடத்தில், பதிவு அலுவலகத்தில், மின்கட்டண ஜன்னலில், குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறவர்களிடம் வரிசையில் நிற்பவர்கள் நடித்துக் காட்டி வம்பிழுத்தார்கள். அதில் பாதிப் பேர் கையையும் நீட்டினார்கள்.

அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சின்னவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கூட்டம், பேட்டி, தொகுதி வேலை என்று தானே தனக்குச் சாக்கு சொல்லிக்கொண்டார். கடைசியில் மனைவி, "இப்ப போறீங்களா, நான் போய்ட்டு வரவா?" என்று கேட்ட பிறகுதான் வண்டியை எடுத்தார்.

அண்ணன் ஓய்வு பெற்று ஒரு பின்தெருவில் மாடி வீட்டில் இருந்தார். படியோரம் முழுக்கப் பழைய பெயின்ட் டப்பாக்களில் செடி வைத்திருந்தாள் அண்ணி. கதவைத் திறந்தவள், "வாங்க தம்பி" என்றாள். அதில் வித்தியாசமில்லை. உள்ளே நாற்காலியில் இருந்த அண்ணன் எழுந்து நின்றார்.

"வாங்க" என்றார். "உட்காருங்க."

சின்னவருக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து "வாடா" தவிர வேறொன்று அந்த வாயிலிருந்து அவர் கேட்டதில்லை. உறுப்பினராகப் பதவியேற்ற அன்றுகூட, அத்தனை அதிகாரிகள் நடுவில், "டேய், சாப்பிட்டியாடா?" என்று கேட்ட மனிதர்.

"என்னண்ணே, புதுசா வாங்கங்கறீங்க?"

"பெரிய ஆளாயிட்டீங்க. எல்லா இடத்துலயும் உங்க பேச்சுதான்." குத்தலாகச் சொல்லவில்லை. விருந்தாளிக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிற தோரணையில் சொன்னார். "பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா? அங்க குளிராமே?"

குளிரைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டாள்.

"அண்ணே, அந்த வீடியோ..."

"பார்த்தேன். பழைய ஆபீஸ் ஆளுங்க அனுப்பினாங்க. நல்லாத்தான் பண்ணியிருந்தீங்க. இருமல்தான் கொஞ்சம் ஜாஸ்தி." உதட்டோரம் லேசாக அசைந்தது. பிறகு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். "ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். தப்பா நினைக்கக் கூடாது."

"கேளுங்கண்ணே."

"அவங்க எதுக்குச் சிரிச்சாங்க?"

சின்னவர் தண்ணீரைக் கையில் எடுத்தார்.

"இல்ல, நிஜமாவே புரியாமதான் கேக்கறேன். நம்ம வீட்டுல சிரிப்பாங்க, சரி. கண்ணாடி என் தலையில இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். உங்க அண்ணி தினம் அதை எடுத்துக் கொடுத்தவ. அதனால சிரிப்பாங்க. அங்க இருந்தவங்களுக்கு நான் யாரு? என்னைத் தெரியாது, உங்களையும் பெருசா தெரியாது. கண்ணாடி தொடைக்கறப்பவே அப்படிச் சிரிக்கறாங்களே. எதைப் பார்த்து?"

 சின்னவரிடம் பதில் இருந்தது. நம்மைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். நம் எல்லோரையும் பார்த்து. பார்த்துச் சிரியுங்கள் என்று தட்டில் வைத்து நீட்டியது நான். இதை எப்படி அண்ணனிடம் சொல்வது?

அண்ணன் அவரைச் சங்கடப்படுத்த விரும்பாதவர்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் மெதுவான ஆளுதான். இல்லேங்கல. என்னால சில பேருக்கு நஷ்டம்கூட வந்திருக்கும். உங்களுக்கே வந்துச்சு. அதைப் பத்தி நீங்க பேசலாம், உரிமை இருக்கு. என் பேரை மட்டும் எங்கயும் எடுத்துடாதீங்க. அது நான்தான்னு தெரியாதவங்க இன்னும் கொஞ்சம் பேர் இருப்பாங்க."

கிளம்பும்போது அண்ணி படி இறங்கிக் கூடவே வந்தாள். வண்டிக்குப் பக்கத்தில் வந்துதான் வாயைத் திறந்தாள்.

"அவர் இப்ப டீக்கடைக்குப் போறதில்ல தம்பி. தெரியுமா?"

"ஏன் அண்ணி?"

"அன்னைக்கு யாரோ விளையாட்டா அவர் கையைப் பிடிச்சு, ஒரு காசை வச்சு மூடியிருக்காங்க. எல்லாரும் சிரிச்சிருக்காங்க. இவரும் கூடச் சிரிச்சுட்டு வந்துட்டார். அன்னையிலேருந்து செருப்பைப் போட்டுக்கறார், கழட்டறார், போக மாட்டேங்கறார்." அவள் குரல் உயரவில்லை. "கேலி பண்ணுங்க. நானே உங்ககூடச் சேர்ந்து சிரிச்சவதான். அந்த ஜன்னல்ல உட்கார்ந்த காலத்துல ஒருத்தன் வாங்கிக் கொடுத்த டீயைக்கூட அவர் தொட்டதில்ல. அது உங்களைவிட யாருக்குத் தெரியும்? அந்தக் கை எங்கேருந்து வந்துச்சு தம்பி?"

"வாய் தவறிச் சொல்ற மாதிரி, கை தவறிடுச்சு அண்ணி" என்றார் சின்னவர். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பதில் என்று அவருக்குத் தெரிந்தது. அண்ணி அவரைப் பார்த்துவிட்டு, ஒரு பெயின்ட் டப்பாவில் கிடந்த காய்ந்த இலையைப் பொறுக்கிக்கொண்டே மேலே போய்விட்டாள்.

அடுத்த வாரம் சபை கூடியது. வெளிநாட்டுப் பேச்சைப் பற்றி விளக்கம் சொல்ல ஆளுங்கட்சி வற்புறுத்தியது. சின்னவரும் எழுந்து பேச அனுமதி கேட்டார். தலைவர், "எதுக்கு? இறங்கிப் போகாதீங்க" என்று தடுத்தும் கேட்கவில்லை. அண்ணன் பெயரை எடுக்கக் கூடாது. சரி, எடுக்க வேண்டாம். அந்தக் கையை நான்தான் சேர்த்தேன், அது பொய், கைநீட்டாத எத்தனையோ பேரை அது அசிங்கப்படுத்திவிட்டது, வருந்துகிறேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. காரில் வரும்போதே முணுமுணுத்துப் பார்த்திருந்தார். ஒரு நிமிடம்கூட ஆகாது.

எழுந்தார். "நான் அங்கே பேசியதில் ஒரு தவறு இருக்கிறது" என்று ஆரம்பித்தார்.

எதிர்வரிசை வாக்கியத்தை முடிக்கவே விடவில்லை. மேசைகளைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். தொழில் அமைச்சர் எழுந்து, "உறுப்பினர் நாட்டு மக்கள் காலில் விழட்டும்" என்றார். அந்த அமைச்சரின் முகத்தில் ஓடிய சிரிப்பைப் பார்த்ததும் சின்னவருக்கு உச்சிவரை சூடு ஏறியது. இதே மனிதர் எதிர்க்கட்சியில் இருந்தபோது அதே நாட்டுக்குப் போய், இங்கே ஒரு கடை திறக்கக்கூட லாயக்கில்லை என்று பேசிவிட்டு வந்தவர்.

"நீங்கள் பேசியதைத்தானே நானும் பேசினேன். உங்களுக்கு யாரும் சிரிக்கவில்லை, அந்த வயிற்றெரிச்சல்தானே?" என்றார் சின்னவர்.

அவ்வளவுதான். அவர் பக்கத்து ஆட்கள் ஆரவாரம் செய்தார்கள். யாரோ ஒருவர் "நாளைக்குப் பார்ப்போம்" என்று ராகம் போட, மொத்த வரிசையும் பிடித்துக்கொண்டது. சின்னவர் பேசினார். கணீரென்று பேசினார். அமைச்சரை நார் நாராகக் கிழித்தார். சபை ஒத்திவைக்கப்பட்டு வெளியே வந்தபோது ஆளுக்கு ஆள் கை குலுக்கினார்கள். தலைவர் தோளில் கை போட்டு, "முதல்ல தவறுன்னு ஆரம்பிச்சு, அப்புறம் திருப்பிப் போட்டீங்க பாருங்க, அதுதான்யா வித்தை" என்றார். சொல்ல வந்த விஷயத்தைச் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் சின்னவருக்கு உறைத்தது. கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மாதம் ஒன்று போயிருக்கும். வேறொரு நாட்டிலிருந்து அழைப்பு வந்தது. அந்தக் குமாஸ்தா வேடத்தை அவசியம் செய்து காட்ட வேண்டும் என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். சின்னவர் தலைவரிடம் முடியாது என்றார். ஏன் என்று கேட்டதற்கு உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை. தொண்டை சரியில்லை, மருத்துவர் பேசக் கூடாது என்கிறார் என்று புளுகினார். தலைவர் இளைஞர் அணியில் துறுதுறுப்பான ஒருவரை அனுப்பிவைத்தார்.

கட்சி அலுவலகத்துத் தொலைக்காட்சியில் அந்த நிகழ்ச்சியைப் போட்டார்கள். சின்னவரும் நடுவில் உட்கார்ந்திருந்தார். பையன் வேடத்தைக் கெடுத்து வைத்திருந்தான். கோப்பை நேராக்கவில்லை, பேனாவைத் திறந்து மூடவில்லை. கண்ணாடியைத் தேடாமலே எடுத்து மாட்டிக்கொண்டான். இருமினான், அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னான், மேசைக்கு அடியிலிருந்து இரண்டு கையையும் நீட்டினான். அண்ணன் முழுக்கக் காணாமல் போய், கை மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த நாட்டுக்காரர்கள் அதற்கும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அலுவலகத்திலும் சிரித்தார்கள். சின்னவர் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். அதுவும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

அப்படியே எழுந்து, ஓட்டுநரைக்கூடக் கூப்பிடாமல், தானே வண்டியை எடுத்துக்கொண்டு அண்ணன் வழக்கமாகப் போகும் டீக்கடைக்குப் போனார். ஓய்வு பெற்ற அலுவலக ஆட்கள் நாலைந்து பேர் வெளி பெஞ்சில் இருந்தார்கள். அவரைப் பார்த்ததும் ஒருவர் பெஞ்சைத் துண்டால் தட்டி இடம் கொடுத்தார். சின்னவர் உட்காரவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். மேடைக் குரல் தானாக வந்தது. நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தார். "அங்க போய் நான் நடிச்சது எங்க அண்ணனைத்தான். அது உங்களுக்கே தெரியும். அந்தக் கை நான் சேர்த்தது. சிரிக்கறாங்களேன்னு சேர்த்தேன். எங்க அண்ணன் யார்கிட்டயும் எதுவும் வாங்கினதில்ல."

ஒருவர் டீ கிளாஸுக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். காசு வைத்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும். கைத்தடியோடு இருந்த பழைய தலைமைக் குமாஸ்தா தொண்டையைச் செருமினார்.

"இதை எங்ககிட்ட எதுக்குச் சொல்றீங்க தம்பி? எங்களுக்குத் தெரியாதா? அவர் பக்கத்து ஜன்னல்லயே குப்பை கொட்டினவன் நான். அவரைக் கண்டா எனக்கு எரிச்சலா இருக்கும், அவ்வளவு மெதுவு. ஆனா கை சுத்தம்." கைத்தடியை ஒரு தரம் தரையில் ஊன்றி எடுத்தார். "தெரியாதவங்க எங்க இருக்காங்களோ, அங்கதானே போய்ச் சொல்லணும். இங்க வந்து சொல்றது உங்க மனசு ஆறறதுக்கு."

சின்னவர் தலையை ஆட்டினார். யாரோ அவருக்கும் ஒரு டீ சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றாமல் வாங்கி, நின்றபடியே சூட்டோடு குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

அங்கிருந்து அண்ணன் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி முந்திக்கொண்டது. அண்ணன் மொட்டை மாடியில் இருப்பதாக அண்ணி சொன்னாள். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டு, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் பிளாஸ்டிக் வாளியும் தேய்க்கும் பிரஷுமாக நின்றிருந்தார் அண்ணன்.

"கடையில போய் எனக்காகப் பேசிட்டு வந்தீங்களாமே" என்றார், திரும்பாமலே.

"ஆமாண்ணே."

"எதுக்கு? இத்தனை நாள் கிண்டலாப் பார்த்தாங்க. இனிமே பாவமாப் பார்ப்பாங்க. கிண்டலையாவது சிரிச்சுட்டுத் தாண்டிடலாம்."

செய்த ஒரே நல்ல காரியமும் கோணலாய்ப் போய்விட்டது. சின்னவர் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் நன்றாக ஏறியிருந்தது. அண்ணன் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். இந்த முதுகோடு அவரால் அதற்குள் இறங்க முடியாது.

"யார் இறங்கப் போறா?"

"ஆள் வரச் சொல்லியிருக்கு. வரல."

சின்னவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். கால்சட்டையை முட்டிவரை சுருட்டிக்கொண்டு, வாய் வழியாகத் தொட்டிக்குள் இறங்கினார். தொந்தி ஒரு இடத்தில் சிக்கி, மூச்சைப் பிடித்து நுழைய வேண்டியிருந்தது. உள்ளே பாசி வாடையும் புழுக்கமும். அண்ணன் பிரஷை நீட்டினார். தேய்க்க ஆரம்பித்தார்.

"அப்படி இல்லை. மேலேருந்து கீழே வாங்க."

மேலிருந்து கீழே தேய்த்தார். அண்ணன் வாளியில் தண்ணீர் இறக்கினார், அழுக்குத் தண்ணீரை வாங்கிக் கொட்டினார், மறுபடி இறக்கினார். முடிந்தது என்று சின்னவர் நினைத்தபோதெல்லாம் மேலேயிருந்து ஒரு விரல் நீண்டு, விட்டுப்போன இடத்தைக் காட்டியது. அவசரமே இல்லை. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. கொடியில் கிடந்த சட்டைப்பையில் கைப்பேசி அடித்து அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது.

"தலைவரா இருக்கும். பார்க்கலையா?"

"அடிக்கட்டும்."

அண்ணன் இன்னொரு வாளி இறக்கினார்.

"தலைமைக் குமாஸ்தா ஒண்ணு சொன்னார்ணே" என்றார் சின்னவர், குனிந்தபடி. தொட்டிக்குள் அவர் குரல் யாருடையதோபோல எதிரொலித்தது. "தெரியாதவங்க இருக்கற இடத்துல போய்ச் சொல்லணுமாம். அந்தக் கூடத்துலயே."

"சொல்லுவீங்களா?"

சொல்வேன் என்று சொல்ல எவ்வளவு சுலபம் என்று சின்னவருக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் கூடம் கண்ணுக்கு முன்னால் வந்தது. கொட்டாவியும், கண்ணைத் துடைத்துக்கொண்ட கையும். யாரும் சிரிக்காத ஒரு பேச்சை அங்கே நின்று பேச வேண்டும்.

"தெரியலண்ணே" என்றார்.

அண்ணன் குனிந்து உள்ளே பார்த்தார். "அந்தக் குழாய் வாய்க்குப் பின்னால பாருங்க" என்றார். "அங்கதான் நிறைய ஒட்டியிருக்கும்." சின்னவர் முட்டி போட்டு உட்கார்ந்து, கையை வளைத்து அந்த இடுக்கில் தேய்க்கத் தொடங்கினார்.